தொப்பி பறந்த படத்தின் பின்பக்கம்

தை 5, ஞாயிறு

இன்று விருதுநகரில் என் அக்கா மகள் ஜெயரூபாவின் நிச்சயதார்த்தம். தாய்மாமன் என்ற முறையில் முதல் வரிசையின் நடு நாற்காலியில் அமர்ந்தேன். அது எனக்காகப் போட்ட நாற்காலி அல்ல. ஆனால் என்னைப் பார்த்ததும் நாற்காலிக்கே தன் கடமை புரிந்துவிட்டது.

அத்தான் காலமானபின் அந்த வீட்டுக்குப் பெரிய தலை அவருடைய தம்பி தங்கப்பழம். தீப்பெட்டி வியாபாரி. மைக்கைக் கண்டால் விடமாட்டார். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒன்று. இன்று மைக்கைப் பிடித்து, சித்தப்பா சீராக இரண்டு கதவு ஃபிரிட்ஜ் தருவதாக அறிவித்தார். ஓர் ஐஸ் பெட்டிக்கு மண்டபமே கைதட்டியது. அத்தோடு நிறுத்தினாரா?

"தாய்மாமன் சீர் என்ன? வழக்கம்போலக் காலண்டர்தானா?"

நான் எழுந்தேன். ஃபேன்கள் சுற்றுவதை நிறுத்திக் கவனித்தன. (கரண்ட் போய்விட்டது என்பார் தங்கப்பழம்.) என் வீட்டுக் கூடத்தில் முப்பது வருஷமாக மாட்டியிருக்கும் ஜப்பான் மரக்கட்டை அச்சுப் படத்தை, இருநூறு வருஷப் பழமையான அரண்மனைச் சரக்கை, என் மருமகளுக்குத் தருகிறேன் என்றேன். மதிப்பு ஐந்து லட்சம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அது மூன்று லட்சமாகத்தான் இருந்தது. மைக்கின் குணம், நான் என்ன செய்ய?

கைதட்டல் வந்தது. கூடவே வினையும் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா வசந்தகுமாரி, மெலிந்த குரல், பெரிய கண்ணாடி, பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, அவர் வேலைக்காக நாங்க ஒசாகாவுல பதினோரு வருஷம் இருந்தோம். எனக்கு அந்தப் படங்கன்னா உசிரு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாக்கட்டுமா? பின்பக்கமும் பாக்கணும்."

பின்பக்கம். படத்துக்கு ஏது பின்பக்கம்? முப்பது வருஷமாக அதன் பின்னால் சுவர்தான் இருக்கிறது. ஆனாலும் "தாராளமா வாங்க சம்பந்தியம்மா" என்றேன்.

கை கழுவும் இடத்தில் சொர்ணக்கனி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மூர்த்தி, உனக்கு வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதா? அது ஒண்ணுமில்லாததுன்னு அந்தம்மா சொல்லிட்டா உனக்கென்ன, நீ பாட்டுக்கு சிவகாசி போயிருவ. அந்த வீட்ல வாழப்போறது என் மக. காலம் பூரா 'ஒங்க மாமா குடுத்த அஞ்சு லட்சம்'னு குத்திக்காட்டுவாங்க."

"அக்கா, நான் யாரு?"

"அதான் பயமா இருக்கு."

தை 6, திங்கள்

வருங்காலச் சரித்திர ஆசிரியர்களின் வசதிக்காக இதை எழுதி வைக்கிறேன்.

என்னைச் சிவகாசியில் ஜப்பான் மாமா என்பார்கள். ஊரையே குட்டி ஜப்பான் என்கிறார்கள், ஆனால் ஊரில் மாமா நான் ஒருவன்தான். ஜப்பானுக்கு நான் போனதில்லை. ஜப்பான் என் வீட்டுக்கு வந்தது. எங்கள் அச்சகம் முதன்முதலாக நான்கு கலர் ஆஃப்செட் மெஷின் வாங்கியபோது அதைப் பூட்ட வந்த இன்ஜினியர் தோமிதா, ஓட்டல் ஒத்துக்கொள்ளாமல் என் வீட்டு மாடியில் தங்கினார். எங்கள் ஆட்கள் அவரைத் தாமோதரன் என்றார்கள். வந்தபோது புல் தடுக்கினால் விழுகிற உடம்பு. ராமலட்சுமியின் கோழிக்குழம்புக்குப் பிறகு கிளம்பும்போது விமானம் இரண்டு பக்கமும் சமமாக இருக்க அவரை நடுவில் உட்காரவைக்க வேண்டியிருந்திருக்கும்.

கிளம்பும் அன்று ஓர் அட்டைக் குழாயைத் தந்தார். உள்ளே இரண்டு தாள்கள். இரண்டிலும் ஒரே படம்: காற்றடிக்கும் படகுத்துறை, ஒருவனுடைய தொப்பி பறந்து ஆற்றுக்கு மேலே போகிறது, படகில் இருக்கிற மூன்று பேர் சிரிக்கிறார்கள். தமிழும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை, ஆகவே சைகை காட்டினார். மெல்லிய தாளைத் தொட்டு, கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார். கனத்த தாளைத் தொட்டு, தன் நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? மெல்லியது தூக்கிப் போடவேண்டியது. கனத்தது நெஞ்சுக்கு நெருக்கமான பொக்கிஷம்.

அதோடு, நான் அச்சுத் தொழிலில் நக்கீரன். மெல்லிய தாளைப் பார்த்தேன். மை பின்பக்கம் வரை ஊறியிருந்தது. வானத்தின் நீலம் மேலே அழுத்தம், கீழே வெளிறல். தொப்பிக்காரன் சட்டையின் சிவப்பு, கோட்டிலிருந்து ஒரு மயிரிழை விலகியிருந்தது. எங்கள் அச்சகத்தில் இப்படி ஒரு ஷீட் வந்தால் மெஷினை நிறுத்தி, ஓட்டுகிறவனை வீட்டுக்கு அனுப்புவோம். சந்தேகமே இல்லை, புது மெஷினில் தாமோதரன் ஓட்டிப் பார்த்த முதல் வேஸ்ட் ஷீட். கனத்த தாளோ, கலர் கலரில் கச்சிதமாக உட்கார்ந்து, பின்பக்கம் பால்போல. அதுதான் அசல் என்று கண்ணாடியில் போட்டு மாட்டினேன். வேஸ்ட் ஷீட்டை அக்காவிடம் கொடுத்து, பீரோவுக்குள் விரித்துக்கொள்ளச் சொன்னேன்.

தை 7, செவ்வாய்

மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் வருவதற்குள் நானே மூன்று திருகுகளைக் கழற்றினேன். இப்போது ஃபேனும் ஓடவில்லை.

தை 8, புதன்

ஜெயரூபா போன் செய்தாள். பல் டாக்டர். எதையும் குடைந்து பார்க்கிற புத்தி.

"மாமா, லென்ஸ் வச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்கும்மா? கட்டின பொண்டாட்டிகிட்ட ஆதார் கார்டு கேப்பாங்களா?"

"அத்தைய விட்டா அத்தை ஒங்ககிட்ட கேப்பாங்க. மாமா, நெட்ல பாத்தேன். அச்சடிச்ச காப்பின்னா லென்ஸ்ல புள்ளி தெரியுமாம். கட்டையில அடிச்சதுன்னா புள்ளியே இருக்காதாம். கலர் முழுசா இருக்குமாம்."

நாற்பது வருஷம் புள்ளிகளோடு குடும்பம் நடத்தியவனுக்கு இந்தப் பெண் புள்ளியைப் பற்றிச் சொல்கிறாள். லென்ஸ் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் கல்யாணப் பத்திரிகை, மிட்டாய்ப் பெட்டி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அதில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தப் படத்தை மட்டும் பார்த்ததில்லை. மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

தை 9, வியாழன்

லென்ஸ் பழுது.

மதியம் அச்சகத்துக்குப் போய் வேறொரு லென்ஸ் வாங்கி வந்தேன். அதுவும் பழுது. சாயங்காலம் பத்திரிகைக் கடைக்காரரிடம் இரவல் வாங்கினேன். மூன்றும் ஒரே மாதிரி பழுது. சிவகாசியில் லென்ஸின் தரம் பாதாளத்துக்குப் போய்விட்டது. எதைப் பார்த்தாலும் புள்ளியாகவே காட்டுகின்றன.

ராமலட்சுமி வாங்கிப் பார்த்தாள்.

"நம்ம காலண்டர்ல இருக்கிற மாதிரில்ல இருக்கு."

"லென்ஸ் கெட்டுப்போச்சு."

"ஆமா. கெட்டுத்தான் போச்சு."

எதைச் சொல்கிறாள் என்று கேட்கவில்லை. இரவு சாப்பாட்டில் உப்பு கூட.

தை 10, வெள்ளி

அக்காவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று திடீரெனக் கவலை வந்துவிட்டது. முதல் பஸ்ஸில் விருதுநகர் போனேன். அக்கா திடமாகத்தான் இருந்தாள். முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தங்கப்பழம் பந்தல்காரருக்காகக் காத்திருந்தார்.

"என்ன ஜப்பான் மச்சான், ஆறு மாசமா எட்டிப் பாக்காத ஆளு. பொன்னுக்கு வெலை ஏறிருச்சா, பூமிக்கு வெலை ஏறிருச்சா?"

"அக்காவைப் பாக்க வந்தேன் மச்சான். உங்க பந்தல்ல ஒட்டடை அடிக்க வரலை."

பேச்சோடு பேச்சாக அக்காவின் பீரோ இப்போதும் நன்றாகத் திறக்கிறதா என்று விசாரித்தேன். அக்கா பிசைவதை நிறுத்தினாள்.

"பீரோவுல என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல. நான் குடுத்த ஒரு பழைய தாளு..."

"தொப்பிக்காரனா?"

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து பீரோக் கதவைத் திறந்தாள். தட்டில் விரிக்கவில்லை. கதவின் உள்பக்கம், நான்கு மூலையிலும் குண்டூசி குத்தி மாட்டியிருந்தாள். ஓரத்தில் மஞ்சள் கறை. ஒரு விசேஷத்துக்குக் கிளம்பும்போது அவசரமாகப் புடவை எடுத்த கை.

"வேஸ்ட்னுதான் குடுத்தே. ஆனா எந்தம்பி குடுத்ததுல்ல. அதோட இவனப் பாத்தா எனக்குச் சிரிப்பு வரும். அப்படியே உங்க அத்தான்தான், எங்க போனாலும் குடையத் தொலைச்சிட்டு நிப்பாரு."

ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். மூன்று பழுதான லென்ஸ்களில் ஒன்று கையோடு வந்திருந்தது. விருதுநகர் காற்றில் அது சரியாகிவிட்டது. ஒரு புள்ளிகூட இல்லை. நீலம் முழு நீலம். அதற்குள் மரத்தின் ரேகை, உள்ளங்கை ரேகைபோல ஓடியது. தடவிப் பார்த்தால் கோடுகள் விரலில் பள்ளமாகத் தட்டுப்பட்டன. திருப்பினேன். பின்பக்கம் முழுக்க வட்டம் வட்டமாகத் தேய்த்த தடம். யாரோ உட்கார்ந்து கையால் தேய்த்துத் தேய்த்து மையை ஏற்றியிருக்கிறான்.

லென்ஸைச் சட்டைப் பையில் போட்டேன்.

"அக்கா, இதை நான் ரெண்டு நாளைக்கு..."

"கழட்டாதே."

"என்ன விஷயம்னு..."

"விஷயம் எனக்குத் தெரியும். உன் முகத்துலயே எழுதியிருக்கு. இதத்தான் ஊரறிய அஞ்சு லட்சம்னு சொன்ன, வேறொண்ண வச்சுக்கிட்டு. இது என் பீரோல இருக்கறது. ஞாயித்துக்கிழமை நானே கொண்டாறேன். என் கையிலதான் இருக்கும்."

"நான் வண்டிய எடுக்கேன் மைனி" என்றார் தங்கப்பழம், வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. அவர் முகத்தில் அத்தனை பற்கள் இருப்பதை இன்றுதான் கண்டேன்.

தை 11, சனி

கூடத்தைப் பெருக்கினேன். சுவரில் இருந்த படத்தைத் துடைத்தேன். அதன் கண்ணைப் பார்க்கவில்லை.

தை 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பூகம்பம், சூறாவளி எதுவும் இல்லை.

வசந்தகுமாரி அம்மா பத்து மணிக்கு வந்தார். காப்பியைக்கூட அப்புறம் என்றார். முதலில் என் சுவர்ப் படம். கண்ணாடியிலிருந்து எடுத்து, சின்ன லென்ஸை வைத்து, ஒரு நொடி. ஒரே நொடி. பிறகு என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"இது ஆஃப்செட் அண்ணே. ரொம்ப நல்ல ஆஃப்செட்."

"என்ன மதிப்புங்க?" என்று கேட்டது தங்கப்பழம்தான்.

"ஃபிரேம் நல்லா இருக்கு" என்றார் அந்தம்மா. அந்தப் பெண்மணியின் நாகரிகத்தை ஊருக்கு நடுவில் சிலை வைத்துக் கும்பிட வேண்டும்.

அக்கா தன் புடவைத் தலைப்பிலிருந்து சுருளை எடுத்தாள். வசந்தகுமாரி அம்மா ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் சாய்த்தார். விரலால் தடவினார். திருப்பிப் பின்பக்கம் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஐயோ, இது கையால அடிச்சது. தேய்ச்ச தடம் பாருங்க."

நான் நிமிர்ந்தேன். எனக்கு வயது நாற்பது குறைந்தது. "அதைத்தான் நான் ஆதியிலிருந்தே..."

"ஆனா இருநூறு வருஷம் இல்ல அண்ணே."

நாற்பதும் திரும்பி வந்தது, வட்டியோடு.

"பழைய படத்தப் பாத்து மறுபடி கட்டை செதுக்கி அடிக்கிறது அங்க வழக்கம். இது ஒரு அறுபது வருஷம் இருக்கும். தாளு புதுசா வெள்ளையா இருக்கு, பூச்சி அரிக்கல. அதோட மார்ஜின்ல செதுக்கினவர் பேரு, அச்சடிச்சவர் பேரு ரெண்டும் இருக்கு. பழசுல அடிச்சவன் பேரை யார் போட்டா?"

"வெலை?" மறுபடி தங்கப்பழம்.

"நல்லா இருந்தா பத்தாயிரம் வரைக்கும் போகும். ஊசி குத்தியிருக்கு, மஞ்சள் பட்டிருக்கு. அஞ்சாயிரம்."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. திட்டியிருக்கலாம். குனிந்து தரையில் இல்லாத ஒரு தூசியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்தம்மா மார்ஜின் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். செதுக்கியவர் யாரோ. "அச்சடிச்சது... தோமிதா."

"தாமோதரன் மெஷின்ல அடிக்கிற ஆளு. கையால அடிக்க மாட்டாரே" என்றாள் ராமலட்சுமி, காப்பித் தட்டோடு. முப்பது வருஷத்துக்கு முன் மெஷின் பூட்ட வந்து மாடியில் தங்கியவரின் கதையையும் சொன்னாள்.

"அவருக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு இருக்குமா அக்கா? இது அதுக்கும் முப்பது வருஷம் முன்னாடி" என்றார் வசந்தகுமாரி அம்மா.

என் கை என்னைக் கேட்காமல் தானே எழுந்தது. மெல்லிய தாளைத் தொட்டுத் தலைக்கு மேலே போனது. கனத்த தாளைத் தொட்டு நெஞ்சில் தட்டியது.

"அப்பா" என்றேன். "நான்."

தகப்பன் கையால் அடித்த படத்தைக் கொண்டுவந்து, மகன் அதையே சிவகாசியில் புது மெஷினில் முதல் ஷீட்டாக அடித்திருக்கிறான். இரண்டையும் சேர்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். நான் தகப்பனை பீரோவுக்குள் போட்டேன், மகனை அரண்மனைக்கு அனுப்பினேன்.

வசந்தகுமாரி அம்மா இரண்டையும் அருகருகே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகுதான் காப்பி கேட்டார்.

"எனக்கு ரெண்டும் வேணும் அண்ணே. பிரிக்காதீங்க. பின்பக்கமும் தெரியற மாதிரி ரெண்டு பக்கமும் கண்ணாடி போட்டுக் குடுங்க."

தை 13, திங்கள்

ஃபிரேம் கடைக்காரரிடம் இரண்டு பக்கமும் கண்ணாடி என்று சொன்னேன். "பின்னாடி யார் பாப்பா?" என்றார். இவரை நான் நேற்று வரைக்கும் அறிவாளி என்று நினைத்திருந்தேன்.

தை 20, திங்கள்

தங்கப்பழத்துக்கு எல்லாம் தெரியும். கல்யாண மண்டப மைக் செட் அவர் பொறுப்பு. ஐந்து லட்சம் என்று நான் சொன்ன அதே மைக்கில் ஐந்தாயிரம் என்று அவர் சொல்வார். நானாக இருந்தால் சொல்வேன்.

அக்கா போனை எடுக்கவில்லை. முறுக்கு வேலையாம்.

தை 27, திங்கள்

இன்று கல்யாணம். தாலி கட்டியாயிற்று. குறை சொல்ல ஒன்றுமில்லை, ரசத்தைத் தவிர.

சீர் வரிசை நேரம். ஃபிரிட்ஜ் மேடை ஏறியது. கைதட்டல். பிறகு நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படத்தைத் தூக்கிவந்தோம். ஒரே சட்டத்துக்குள் இரண்டு தொப்பிக்காரர்கள்.

மைக் தங்கப்பழத்தின் கையில். என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"தாய்மாமன் செண்பகமூர்த்தி அவர்கள் வழங்கும் ஜப்பான் படம். நானூறு வருஷம் பழசு."

நான் திடுக்கிட்டேன்.

"ஜப்பான் ராஜா தன் பள்ளியறையில தலைமாட்டுல மாட்டியிருந்தது. ஒரு கோடி குடுத்தாலும் இன்னொண்ணு கெடைக்காது."

மண்டபம் அதிர்ந்தது. மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என் காதில் கடித்தார்: "பின்ன? எங்க வீட்டுப் பொண்ணு சீரு அஞ்சாயிரம்னு நான் மைக்ல சொல்லணுமா?"

அந்த மனிதருக்குள் இப்படி ஒரு மகாகவி ஒளிந்திருப்பது தெரியாமல் போயிற்று. நானூறாம். ராஜாவாம். பள்ளியறையாம். எனக்கே தோன்றவில்லை.

ஆனால் முன்வரிசையில் வசந்தகுமாரி அம்மா உட்கார்ந்திருந்தார். ஜெயரூபா மாலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பல் பிடுங்குவதற்கு முன் பார்க்கிற பார்வை. அக்கா தரையில் தூசி தேட ஆரம்பித்திருந்தாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருவர் ஏற்றியதை இறக்குவதற்காக நான் மைக்கைப் பிடுங்கினேன்.

"மச்சான் பாசத்துல சொல்றாரு. ராஜாவும் இல்ல, நானூறும் இல்ல. இது அறுபது வருஷம், ஒரு அப்பா கையால தேய்ச்சு அடிச்சது. இது முப்பது வருஷம், அவர் மகன் நம்ம சிவகாசி மெஷின்ல அடிச்சது. இந்த முப்பது வருஷமா ரெண்டும் எங்கக்கா வீட்ல ஒண்ணு, என் வீட்ல ஒண்ணா இருந்துச்சு. இனிமே என் மருமக வீட்ல சேர்ந்திருக்கட்டும். வெலைன்னு பெருசா ஒண்ணும் கெடையாது."

பிறகு ஃபிரிட்ஜுக்கு வந்ததைவிடப் பெரிய கைதட்டல். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது:

"கோடி ரூவா சரக்கு. இன்கம்டாக்ஸுக்காகக் கொறச்சுச் சொல்றாரு. வெவரமான ஆளு."

வசந்தகுமாரி அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அக்கா நிமிர்ந்தாள். என் தோளில் ஓர் இடி இடித்தாள். எலும்பு முறிந்திருக்கும், பரவாயில்லை.

பந்தியில் தங்கப்பழம் பக்கத்து இலை.

"நான் தூக்கிவிட்டா நீரு கீழ போடுதீரே மச்சான்."

"நீங்க ராஜாவோட நிறுத்தியிருக்கணும். பள்ளியறைதான் ஜாஸ்தி."

"அப்படியா சொல்றீக?" என்று யோசித்துவிட்டு, தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார்.

மாசி 2, சனி

கூடத்துச் சுவரில் படம் இருந்த இடம் வெள்ளைச் சதுரமாகத் தெரிகிறது. ராமலட்சுமி மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரை அங்கே மாட்டிவிட்டாள். வேறு அச்சகத்துச் சரக்கு. முருகனின் வேலில் சிவப்பு அரை மில்லி விலகியிருக்கிறது. போன மாதமாக இருந்தால் கழற்றி எறிந்திருப்பேன்.

மோட்டார் இன்னும் ஓடவில்லை.

ராமலட்சுமி கடைக்குப் போன நேரம் பார்த்து, காலண்டரை மெதுவாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெள்ளை வெளேரென்று சுத்தம்.

பாவம்.